கழகத்துக்கு ஜேர்சி அடிக்கிறதென்றால் டிசைனைக் கடைசிக்கு வையுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு முதல்முறையாக ஜேர்சி அடிக்கப் போகிறோம். பின்னேரத்தில் சும்மா விளையாடுகிற ஆட்கள்தான், வருடத்தில் ஒன்றிரண்டு சுற்றுப்போட்டிக்குப் போவோம். உதைபந்தும் உண்டு, கரப்பந்தும் உண்டு. என்ன துணி, என்ன நிறம், எப்படி ஓடர் கொடுப்பது? தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதல் வேலையாக டிசைனைப் பற்றி ஒருவரிடமும் கேட்காதீர்கள். வட்ஸ்அப் குழுவில் "என்ன டிசைன் வேணும்?" என்று போட்டால் போதும், ஒருவர் பார்சிலோனா மாதிரி என்பார், இன்னொருவர் பிரேசில் மஞ்சள் என்பார், கனடாவில் இருக்கிற ஒரு அண்ணா இடையில் வந்து கழகத்தின் பழைய நிறம் நாவல் என்று சண்டைக்கு நிற்பார், கடைசியில் துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே முற்பணம் கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் பல கழகங்களின் ஜேர்சி ஒரு சுற்றுப்போட்டியோடு வீட்டில் தோட்ட வேலைக்குப் போடுகிற உடுப்பாக மாறுவது இதனால்தான்.

துணிக்கு வருவோம். கொட்டன்தான் குளிர்ச்சி என்று வீட்டில் சொல்வார்கள், வீட்டில் இருக்கும்போது அது சரிதான். ஓடுகிற ஆளுக்கு அது சரிவராது, பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், இரண்டாம் பாதியில் பாரமாகி முதுகோடு ஒட்டிவிடும். பொலியெஸ்டர் நூல் தண்ணீரைக் குடிக்காது. பின்னல் நன்றாக இருந்தால் வியர்வை துணியின் வெளிப்பக்கம் பரவிக் காற்றில் காய்ந்துவிடும். சோளகம் வீசுகிற மாதங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். காற்று விழுந்த பங்குனி, சித்திரை வெக்கையில் எந்தத் துணியும் அற்புதம் செய்யாது, மெல்லிசாகவும் கொஞ்சம் தளர்வாகவும் இருந்தால் தப்பலாம். பொலியெஸ்டர் மலிவுச் சரக்கு என்று சொல்கிற பெரியவர் உங்கள் கழகத்திலும் ஒருவர் இருப்பார். 2019 உலகக் கிண்ணத்துக்கு எங்கள் நாட்டுத் துடுப்பாட்ட அணி போட்டுக்கொண்டு போனது கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்த பொலியெஸ்டர் ஜேர்சி, செய்ததும் இலங்கைக் கொம்பனி ஒன்றுதான் என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

கடையில் ஜீஎஸ்எம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. எங்கள் வெயிலுக்கு 130 முதல் 160 வரை போதும். 200 தாண்டினால் அது கொலர் வைத்து கழகப் பொதுக்கூட்டத்துக்குப் போடுகிற துணி. ஆகவும் குறைந்தால், அதுவும் வெள்ளையோ இளமஞ்சளோ என்றால், நனைந்தவுடன் உடம்பு தெரியும். பெண்கள் அணிக்கு அடிக்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அதைவிட முக்கியம் கை நீளம், உடம்பு நீளம் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளிடமே கேட்பது. ஆண்களின் அளவில் சின்னதை எடுத்துக் கொடுத்துவிட்டு "உங்களுக்கும் அடிச்சாச்சு" என்கிற வேலை வேண்டாம்.

துணியைச் சோதிக்க ஒரு சுகமான வழி இருக்கிறது. ஒரு துண்டுத் துணி வாங்கி வந்து வீட்டில் இரண்டு மூன்று தரம் தோய்த்துக் காயவைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே பரவினால் நல்ல துணி. முத்து மாதிரி உருண்டு நின்றால் வியர்வையும் அப்படித்தான் உள்ளே நிற்கும். தோய்க்காமல் பார்த்துப் பயனில்லை, சில துணிகளில் வியர்வை பரவுவதற்காக மேலே ஒரு மருந்து போட்டிருப்பார்கள், அது தோய்க்கத் தோய்க்கக் கழன்று போகும்.

அச்சு விசயத்தில், முழு ஜேர்சியும் நிறமும் கோடுமாக வேண்டுமென்றால் சப்ளிமேசன்தான். கடதாசியில் அச்சடித்த மையை 200 பாகை அளவு சூட்டில் அழுத்தும்போது மை ஆவியாகி நூலுக்குள்ளே போய்விடும், அதனால் உரியாது, வெடிக்காது, நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டியதுபோலக் கனக்கவும் கனக்காது. ஆனால் அது பொலியெஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும், வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில்தான் செய்யலாம். கொட்டனில் சப்ளிமேசன் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ஆயத்தமாக விற்கிற ஜேர்சியை வாங்கி இலக்கம் மட்டும் ஒட்டுகிற முறையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மென்பந்து மட்டும் விளையாடுகிற அணிக்கு அதுவே தாராளம், அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. ஒட்டிய இலக்கம் நாளடைவில் ஓரத்தால் கிளம்பும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்களில் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி என்றால் இறந்தவரின் படத்தை ஜேர்சியில் போடுவது வழக்கம், அனுசரணை தருகிற குடும்பமும் அதை எதிர்பார்க்கும். படத்தை முகநூலில் இருந்து இறக்கிக் கொடுக்காதீர்கள், முகம் கலங்கிப்போய் வரும். அந்த வீட்டில் போய் அசல் படத்தை வாங்கி நன்றாக ஸ்கேன் பண்ணி, வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். கழகச் சின்னத்துக்கும் இதே கதைதான். அப்புறம் தமிழ் எழுத்து. நீங்கள் யுனிகோடில் அனுப்புவதை அவர்கள் பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போதோ வேறு மென்பொருளில் ஒட்டும்போதோ கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய்விடும். கழகத்தின் பெயரிலேயே கொம்பு இடம்மாறிய ஜேர்சியோடு ஒரு அணி இறுதிப்போட்டிக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அறிவிப்பாளருக்கு நல்ல வேட்டை. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படத்தை வாங்கி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஒவ்வொரு பெயராக வாசித்துப் பார்க்கட்டும்.

நீங்கள் இரண்டு விளையாட்டும் சொல்வதால் விதியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஒரே ஜேர்சியை இரண்டுக்கும் போடலாம், அடிக்கிறபோதே யோசித்தால். உதைபந்தாட்ட விதிப்படி ஜேர்சிக்குக் கை இருக்க வேண்டும், கையில்லாத பெனியன் மாதிரி ஆகாது. பந்து காப்பாளரின் நிறம் மற்ற எல்லாரிலும் இருந்து வேறாக இருக்க வேண்டும், நடுவரின் நிறமாகவும் இருக்கக்கூடாது. கரப்பந்தாட்டத்தில் கை பற்றிப் பிரச்சினை இல்லை, இலக்கம்தான் முக்கியம்: நெஞ்சில் குறைந்தது 15 சென்ரிமீற்றர் உயரம், முதுகில் 20, இலக்கத்தின் கோடு 2 சென்ரிமீற்றர் அகலம். லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தை எடுக்க மட்டும் இறங்குகிற ஆள், தனி நிறத்தில் நிற்க வேண்டும். ஆகவே கை வைத்து, இலக்கத்தைக் கரப்பந்துக் கணக்குக்குப் போட்டு, வேறு நிறத்தில் இரண்டு மேலதிகமாக அடித்தால் அதுவே பந்து காப்பாளருக்கும் லிபரோவுக்கும் ஆகிவிடும். ஊர்ப் போட்டியில் யாரும் அளவுகோல் கொண்டு வரமாட்டார்கள், உண்மைதான், ஆனால் தோற்கப்போகிற அணிக்கு அன்றைக்கு எல்லா விதியும் ஞாபகம் வரும்.

நிறம் எடுக்கும்போது உங்கள் மண்ணைப் பாருங்கள். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் செம்மண், வெள்ளை ஜேர்சி ஒரு மழை நாளோடு சரி. அந்தச் சிவப்பு இரும்புத் துரு சேர்ந்தது, குளோரின் போட்டு வெளுக்கப் பார்த்தால் கறை இன்னும் இறுகும். சேற்றைக் காயவிட்டு உதறிய பிறகு தோய்க்க வேண்டும். வடமராட்சிக் கடற்கரைப் பக்கம் மணலில் விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. கறுப்பு ஆசை எல்லாருக்கும் உண்டு, மின்னொளியில் மட்டும் விளையாடினால் போடுங்கள், பின்னேரம் மூன்று மணி வெயிலில் வேண்டாம். இரவு ஆட்டம் என்றால் கருநீலத்தில் சிவப்பு இலக்கம் மாதிரியான சோடி தூரத்தில் தெரியாது, இலக்கம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். பக்கத்துக் கழகங்கள் என்ன நிறம் என்றும் ஒருதரம் விசாரியுங்கள்.

அளவை எஸ், எம், எல் என்று வாயால் கேட்டு எழுதாதீர்கள். ஒவ்வொரு கடையின் எல்லும் ஒவ்வொரு அளவு, அதோடு வயிறு வைத்த ஆள் ஒருவரும் தன் அளவை உண்மையாகச் சொல்லமாட்டார். கடையில் இருந்து மூன்று நான்கு மாதிரி ஜேர்சி வாங்கி வந்து மைதானத்தில் எல்லாரையும் போட்டுப் பார்க்கச் செய்து, கையைத் தூக்கச் சொல்லுங்கள். கரப்பந்தில் அடிக்க எழும்பும்போது தொப்புள் தெரிந்தால் நீளம் காணாது. இறுக்கமான சப்ளிமேசன் ஜேர்சி இழுபடும்போது உள்ளே இருக்கிற வெள்ளை நூல் வெளிறித் தெரியும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், ஐயம் வந்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

காற்சட்டைக்குக் காசைக் கொட்டாதீர்கள். வெறும் கறுப்பு, எந்தக் கடையிலும் கிடைப்பது, சிப் இல்லாதது. ஒருவருடையது கிழிந்தால் அடுத்த நாளே வாங்கலாம்.

விலை நான் எழுதவில்லை, துணியும் மையும் வெளியில் இருந்து வருவதால் டொலரோடு ஏறி இறங்கும். 2022 இல் 200 ரூபா டொலர் 360 வரைக்கும் போனபோது சொன்ன விலைக்குத் தர முடியாமல் அச்சகக்காரரும் திண்டாடினார்கள், கழகங்களும் திண்டாடின. மூன்று இடத்தில் கேளுங்கள், கேட்கும்போது ஒரே துணி, ஒரே ஜீஎஸ்எம், கழுத்து என்ன மாதிரி, இலக்கமும் பெயரும் சேர்த்தா இல்லையா என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் மூன்று விலையையும் ஒப்பிட முடியாது. எல்லாவற்றையும் அடிக்கும் முன் ஒரு மாதிரி ஜேர்சி அடித்துத் தரச் சொல்லுங்கள், போன் திரையில் பார்த்த நீலம் துணியில் வேறு நீலமாகத்தான் வரும். டிசைன் கோப்பையும் வாங்கி இரண்டு பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் புதிதாகச் சேருகிற பெடியனுக்கு ஒன்று அடிக்க அது வேண்டும். இப்போதே பெயரில்லாமல் இலக்கம் மட்டும் போட்டு இரண்டு மூன்று மிச்சமாக அடித்து வைப்பது இன்னும் சுகம்.

கடைசியாகத் தோய்ப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படையாகத் துணியில் தங்கும், கடும் நிறத்தில் அது நன்றாகத் தெரியும். சலவைத் தூளைக் கரைத்து, உட்பக்கம் வெளியில் திருப்பித் தோய்த்து, நிழலில் கொடியில் காயப்போடச் சொல்லுங்கள். கிளுவை வேலியில் எறிந்தால் நூல் இழுபடும். வாசத்துக்குப் போடுகிற மென்மையாக்கி வேண்டாம், அது நூலில் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கும். சூடான அயன் பெட்டி அறவே வேண்டாம். ஆட்டம் முடிந்து நனைந்த ஜேர்சியைப் பைக்குள் சுருட்டி இரண்டு நாள் வைத்திருக்கிற ஆள் எல்லா அணியிலும் இருப்பார், பொலியெஸ்டரில் அந்த மணம் ஏறினால் இறங்காது, அவருக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.