இளம் ஆய்வாளர்களுக்கான செல் சிகிச்சைக் கருத்தரங்குக்குப் போவதால் உண்மையில் பயன் உண்டா?

பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன், போஸ்டருடன் முதல் முறை போகிறேன், இரண்டு நாள் லேப் வேலையை விட்டுப் போவது வீண்தானோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போங்கள். என் ஆய்வு திசை திரும்பியதே அப்படி ஒரு கருத்தரங்கில்தான்.

பெங்களூரில் நடந்தது. நான் அப்போது மூன்றாம் ஆண்டு. லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல்லின் மேல் இருக்கும் சிடி19 புரதத்தைத் தேடிப் பிடிக்கும்படி மாற்றிய டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்), அதாவது கார் டி-செல்கள், பத்து நாளில் ஐம்பது மடங்கு பெருகுவதைக் காட்டும் வரைபடம்தான் என் போஸ்டரின் நடுவில் இருந்தது. நிறையப் பேர் வந்தார்கள், "நல்லா இருக்கு" என்றார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு அம்மா வந்து நின்றார். ஒரு மருத்துவமனையில், மெஷின் வழியாக ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கும் அஃபெரெசிஸ் பிரிவில் நர்ஸ். மறுநாள் அவருக்கு ஒரு பேச்சு இருந்தது.

"இது யாரோட ரத்தம்மா?"

"ரத்த வங்கியில கொடுக்குற டோனர் ரத்தம் சிஸ்டர்."

அவர் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தார். "எங்ககிட்ட வர்ற பிள்ளைங்களுக்கு ஏற்கெனவே நாலஞ்சு கீமோ முடிஞ்சிருக்கும். மூணு, நாலு மணி நேரம் மெஷின்ல படுக்க வெச்சு எடுப்போம். உதடு மரத்துப்போகுது சிஸ்டர்னு அழும், கால்சியம் கொடுப்போம். அவ்வளவு பண்ணியும் சில பேருக்குத் தேவையான அளவு செல் கிடைக்காது. அந்த ரத்தத்துல இது வளருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எங்கள் லேபில் எல்லோருமே டோனர் ரத்தத்தில்தான் வேலை செய்தோம், அது சுலபமாகக் கிடைக்கும் என்பதால்.

இந்தத் துறையில் மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் நோயாளியின் சொந்த ரத்தம்தான். கீமோ சுற்றுகள் கூடக் கூட, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத இளம் டி செல்கள் குறைந்துபோகின்றன. நன்றாகப் பெருகி, உடலில் நீண்ட நாள் தங்கக்கூடியவை அவைதான். குழந்தை நோயாளிகளில் இதை பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனைக் குழு 2019-இல் வெளியிட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரை இன்னும் கலங்கடிப்பது. தயாரிப்பின்போது டி செல்களில் வைக்க வேண்டிய கார் (சிடி19-ஐப் பிடிக்கும் செயற்கை ஏற்பி) மரபணு, ஒரே ஒரு லுகேமியா செல்லுக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டது. அந்த கார் தன் செல்லின் மேல் இருந்த சிடி19-ஐயே மறைத்துக்கொண்டதால் டி செல்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நோய் திரும்பி வந்து அந்த நோயாளி இறந்துபோனார். டோனர் ரத்தத்தில் லுகேமியா செல்லே இருக்காது. அங்கே இந்த ஆபத்து கண்ணுக்கே படாது.

ஊர் திரும்பியதும் கைடிடம் பேசினேன். நெறிமுறைக் குழு அனுமதிக்கு எட்டு மாதம் ஆனது. பரிசோதனைக்கு எடுத்து மிஞ்சிய நோயாளிகளின் ரத்தத்தில், அதே வளர்ப்புத் திரவம், அதே பத்து நாள் என்று திரும்பச் செய்தோம். ஒருவருடைய செல்கள் பத்து மடங்கைக்கூடத் தொடவில்லை. இப்போது என் ஆய்வேடு முழுக்க அந்தச் செல்களைப் பற்றியதுதான்.

பெரிய மாநாட்டில் இது நடக்காதா என்றால், நடக்கலாம். ஆனால் அங்கே மைக் பெரும்பாலும் மூத்தவர்களிடம்தான் இருக்கும். கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள் பலவற்றுக்கு முன்னால் ஆய்வு மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் என்றே தனியாகக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். அதை நடத்துவதும் அவர்களே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அங்கே கூச்சம் இருக்காது.

நம் ஊரில் இந்தத் துறையே இளசு. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய கார் டி-செல் சிகிச்சையான நெக்ஸ்கார்19-க்கு அனுமதி கிடைத்தது 2023 அக்டோபரில். அமெரிக்காவில் கிம்ரியா என்ற கார் டி-செல் சிகிச்சை 2017-இல் வந்தபோது அதன் விலை 4,75,000 டாலர். நெக்ஸ்கார்19-இன் விலை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதற்கும் கீழே கொண்டுவரப்போகிறவர்கள் இன்றைக்கு போஸ்டர் பக்கத்தில் நிற்பவர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012-இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு கார் டி-செல்கள் செலுத்திய பிறகு கடுமையான காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தானது. ரத்தத்தில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் எகிறியிருந்தது. அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஒரு மூட்டுவாத மருந்து. அந்தச் சிகிச்சையை உருவாக்கிய குழுவின் தலைவரும் புற்றுநோய் ஆய்வாளருமான கார்ல் ஜூனுக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம், அவருடைய மகளுக்கு மூட்டுவாதம் இருந்தது. மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தலைப்பிலேயே வேலை செய்பவர்களை மட்டும் தேடாதீர்கள். நர்ஸ்கள், ரத்த வங்கிக்காரர்கள், தயாரிப்பு அறையில் வேலை செய்பவர்கள் இருந்தால் நீங்களாகப் போய்ப் பேசுங்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் மேஜையில் உட்காருங்கள்.

போஸ்டரை ஃபிளெக்ஸில் அடித்துக்கொள்ளுங்கள், ரயிலில் கசங்காது. பயண உதவித்தொகை இருக்கிறதா என்று பதிவுப் படிவத்திலேயே பாருங்கள். செல்கள் யாருடையவை என்பதைத் தலைப்புக்குக் கீழேயே பெரிதாகப் போடுங்கள்.

அந்த சிஸ்டருடன் இன்னும் தொடர்பில் இருக்கிறேன். போன வருடம் தன் வார்டுக்கு, உரிய அனுமதி வாங்கி, அழைத்துப் போனார். உறைய வைத்த செல் பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, ஒரு பையனுக்கு ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அறையில் பூண்டு வாசனை. உறைய வைக்கும்போது சேர்க்கும் டிஎம்எஸ்ஓ உடலுக்குள் வேறொரு கந்தகச் சேர்மமாக மாறி அவன் மூச்சில் வெளியே வருகிறது என்றார். அதே டிஎம்எஸ்ஓவை நான் தினமும் பிப்பெட்டில் அளந்து ஊற்றுகிறேன். அது மூச்சில் இப்படி வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.