தொடையில் குழிகள்: எந்தப் பயிற்சி உதவும்?

கேள்வி: எனக்கு வயது 34. வங்கியில் வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தொடையின் பின்பக்கமும் பிட்டமும் குழி குழியாகத் தெரிகின்றன. என் எடை 58 கிலோதான். பக்கத்து உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் ‘செலுலைட்டைக் கரைக்கும் மூன்று மாதத் திட்டம்’ என்று பெரிய தொகை கேட்கிறார்கள். சேர்ந்தால் போய்விடுமா? பிள்ளைகளோடு கடலில் இறங்கவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். எந்தப் பயிற்சியாலும் அது கரையாது. ஆனால் சரியான பயிற்சியை விடாமல் செய்தால் தெரிவது குறையும். அதற்கு உங்கள் வீட்டுக் கதிரையும் மாடிப்படியும் போதும்.

முதலில், செலுலைட் எனப்படும் இந்தக் குழிகள் நோயல்ல. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. மெலிந்தவர்களும் இதில் அடக்கம். தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு அடுக்கு இருக்கிறது. அதை ஊடுருவிச் செல்லும் நார்கள் தோலைக் கீழே பிடித்து வைத்திருக்கின்றன. ஆண்களின் உடலில் இந்த நார்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன; பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. அதனால் இடையிலுள்ள கொழுப்பு மேலே உந்துகிறது, நார் பிடித்த இடம் உள்ளே இழுபடுகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் நூல் கோர்த்து இழுத்த இடம் குழிந்திருக்குமே, அப்படித்தான். பரம்பரையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பும் இதில் பங்கெடுக்கின்றன. வயது ஏறித் தோல் மெலியும்போது குழிகள் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

அந்த நாரை எந்தப் பயிற்சியும் தளர்த்தாது. அதைக் கரைக்கும் ஊசி மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2020 இல் அனுமதி கொடுத்தார்கள். தோல் கடுமையாகக் கன்றி, நிறமாற்றம் நீடிக்கக்கூடும் என்ற கவலையால் 2022 இல் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. தொடைக் கொழுப்பை மட்டும் தனியாகக் குறைக்கும் பயிற்சியும் கிடையாது. உடல் எங்கிருந்து கொழுப்பை எடுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

பிறகு பயிற்சி எதற்கு? கொழுப்புக்கு அடியில் இருக்கும் தசைக்காக. பிட்டத் தசையும் தொடையின் பின்தசையும் திரண்டு இறுகினால், மேலே உள்ள தோலுக்கு நல்ல தாங்கல் கிடைக்கிறது. மேடு பள்ளம் மட்டுப்படுகிறது. நடை இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் சுதந்திர சதுக்கத்தின் சமதரையில் கதைத்துக்கொண்டு நடப்பதால் மட்டும் இந்தத் தசைகள் திரளமாட்டா. அவற்றுக்குப் பாரம் வேண்டும்.

கைப்பிடியில்லாத உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். அதற்கு முன்னே, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாகக் கீழே போங்கள். பிட்டம் கதிரையைத் தொட்டதும், பாரத்தைப் போடாமல், குதிக்காலால் தரையை அழுத்தி எழும்புங்கள். முழங்கால்கள் உள்ளே சாயக்கூடாது. பத்து முறை செய்து, கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி பத்து. அது இலகுவானதும் ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசி இரண்டு முறையும் கடினமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தசை வளராது. பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது. மேலே போனதும் பிட்டத்தை இறுக்கி இரண்டு எண்ணுங்கள். மூன்றாவது, படி. நீங்கள் தொடர்மாடியில் இருந்தால் லிஃப்டை விட்டுவிட்டு, முழுப் பாதமும் படியில் பதிய ஏறுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் இவற்றைச் செய்து, மற்ற நாட்களில் மரைன் டிரைவில் வேகமாக நடவுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

கல்யாணத்துக்கு முன்பு சிலர் செய்வதுபோலப் பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைக்கும் வழிக்குப் போகவே வேண்டாம். வேகமாக இளைத்தால் தசையும் சேர்ந்து போகும், தோல் தொய்யும், குழிகள் கூடுதலாகத் தெரியும். மீன், முட்டை, பருப்பு, கடலை தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. குழியாகத் தெரிவது பாதி நிழல்தான். துணிக்கடை உடுப்பு மாற்றும் அறையில் விளக்கு நேர் மேலே எரியும். அங்கே யாருடைய தொடையும் மோசமாகத்தான் தெரியும். விளம்பரங்களில் வரும் ‘முன்பு, பின்பு’ படங்களிலும் விளக்கின் கோணத்தைப் பாருங்கள். என் பயிற்சி வகுப்புக்குப் புதிதாக வரும் பெண்கள், குனிவதற்கு முன் சட்டையின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். ஒருத்தி இழுத்தால் பக்கத்தில் நிற்பவளும் இழுக்கிறாள். அத்தனை பேருக்கும் இருக்கும் ஒன்றை ஒருவருக்கொருவர் மறைக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. தசை திரளும் வரை காத்திராமல், இந்தப் பள்ளி விடுமுறையிலேயே பிள்ளைகளோடு கடலில் இறங்குங்கள் தங்கச்சி.

கேள்வி: காப்பி சேர்ந்த கிரீம், மசாஜ் கருவி ஆகியவற்றால் பயன் உண்டா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: காப்பியில் உள்ள கஃபீனும் மசாஜும் சில மணி நேரத்துக்குத் தோலைச் சற்று இறுக்கமாகக் காட்டும், அவ்வளவுதான். ரெட்டினோல் (வைட்டமின் ஏ வகை) கிரீமை மாதக்கணக்கில் பூசினால் சிலருக்குத் தோல் கொஞ்சம் தடிக்கும். கர்ப்பிணிகள் ரெட்டினோலைத் தொடக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் ஒரே மாதிரிப் பருத்திருக்கின்றன, பாதம் மட்டும் மெலிவு. அழுத்தினால் வலிக்கிறது, சும்மா இடித்தாலே கன்றிப்போகிறது. எவ்வளவு நடந்தும் கால் குறையவில்லை. இதுவும் செலுலைட்டா?
– மகள், தெஹிவளை

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் லிப்பிடீமா என்ற வேறொரு நிலையை நினைவூட்டுகின்றன. செலுலைட் வலிக்காது. அம்மா சோம்பேறி என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். லிப்பிடீமாக் கொழுப்பு நடையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் எளிதில் குறையாது. கடிதத்தில் எழுதிய இதே அடையாளங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அம்மாவை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அது வேறு விஷயம். இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.