கேள்வி – பதில்: காலடியில் கிடக்கும் வெப்பம்

கேள்வி: புவிவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆயினும் உலக மின் உற்பத்தியில் அதன் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாதது ஏன்?

பதில்: இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904-ஆம் ஆண்டு, நிலத்திலிருந்து பீறிட்ட நீராவியைக் கொண்டு இளவரசர் பியெரோ ஜினோரி கோந்தி ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார், 1913-இல் அங்கேயே மின் நிலையமும் இயங்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகும் இத்துறை மெதுவாகவே வளர்ந்ததற்கு வெப்பப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்கிறது. ஆனால் அந்த வெப்பத்தைச் சுமந்து வர நீர் வேண்டும். நீர் பாறைக்குள் ஓடுவதற்கு விரிசல்கள் வேண்டும். இம்மூன்றும் எட்டும் ஆழத்தில் ஒருசேர அமைவது ஐஸ்லாந்து, கென்யா, நியூசிலாந்து, இந்தோனேசியா போன்ற, எரிமலைச் செயல்பாடு உள்ள சில நாடுகளில்தான். மற்ற இடங்களில் பாறை சூடாக இருக்கிறது, நீருக்குத்தான் வழி இல்லை. அந்த வழியை அமைப்பதே இனிவரும் ஆராய்ச்சியின் மையம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவ்வழியைச் செயற்கையாக அமைக்கும் முயற்சி எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது?

பதில்: 1970-களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தினர் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில், வறண்ட சூடான பாறைக்குள் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி விரிசல் உண்டாக்கி, ஒரு கிணற்றில் இறக்கிய நீரை மற்றொரு கிணற்றின் வழியே சூடாக வெளியே எடுக்க முடியும் என்று காட்டினார்கள். ஆனால் நீரோட்டம் வணிகத்துக்குப் போதவில்லை. இந்தத் தடையைத் தாண்ட உதவியது, ஷேல் எனும் படிவுப் பாறையிலிருந்து எரிவாயு எடுக்கும் துறையில் கைவந்திருந்த கிடைமட்டத் துளையிடல். 2023-இல் ஃபெர்வோ என்ற அமெரிக்கப் புவிவெப்ப நிறுவனம், நெவாடாவில் கிடைமட்டமாகத் திருப்பிய இரு கிணறுகளுக்கிடையே 30 நாள் சோதனை ஓட்டம் நடத்தி, வினாடிக்கு 63 லிட்டர் நீரோட்டத்தையும் 3.5 மெகாவாட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தையும் பெற்றது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது துளைமுனை. கிரானைட் அதன் பற்களை விரைவில் மழுங்கடித்துவிடும். மழுங்கிய முனையை மாற்ற வேண்டுமானால், கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருக்கும் குழாய்த் தொடர் முழுவதையும் மேலே இழுத்து, துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கி, புதிய முனையைப் பொருத்தி, மறுபடியும் ஒவ்வொன்றாகத் திருகி இறக்க வேண்டும். அத்தனை நேரமும் கிணற்றின் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட அதிகரிக்காது. செலவோ நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். யூட்டாவில் அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் இயங்கும் ஃபோர்ஜ் ஆய்வுக்களம், பாறையை நசுக்குவதற்குப் பதிலாகச் சீவியெடுக்கும் செயற்கை வைர முனைகளைக் கிரானைட்டில் பயன்படுத்தி, துளையிடும் வேகத்தைச் சில மடங்கு உயர்த்தியது. திட்டச் செலவில் பெரும்பங்கைக் கிணறே விழுங்கிவிடும் ஒரு துறையில், இந்த முன்னேற்றம்தான் மின்சாரத்தின் விலையைத் தீர்மானிக்கப் போகிறது.

கேள்வி: பாறையைப் பிளப்பதால் நிலநடுக்கம் ஏற்படாதா?

பதில்: ஏற்படலாம், ஏற்பட்டும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கடியில் 2006-இல் நீர் செலுத்தியபோது 3.4 அளவுள்ள அதிர்வு உண்டாகி, திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்த 5.4 அளவுள்ள நிலநடுக்கத்தில் பலர் காயமடைந்தார்கள், பல வீடுகள் சேதமடைந்தன; நீர் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-இல் அறிவித்தது. 2017 ஏப்ரலிலேயே அங்கே 3-ஐத் தாண்டிய அதிர்வு ஒன்று வந்திருந்தும், அபாயம் புதிதாக மதிப்பிடப்படவில்லை என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது. அதிர்வு ஓர் அளவைத் தாண்டியதும் பணியை நிறுத்தும் ஏற்பாடு மட்டும் போதாது. அருகிலுள்ள நிலப்பிளவுகளை முன்கூட்டியே கண்டறிவதும், அளவீடுகளைச் சுற்றி வாழும் மக்களுக்கு உடனுக்குடன் தெரிவிப்பதும் ஆராய்ச்சியின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் கெரெட்ஸ்ரீடில் ஈவர் நிறுவனம் கையாளும், நீரைப் பாறைக்குள் விடாமல் துளைகளுக்குள்ளேயே சுற்றவைக்கும் மூடிய சுற்று முறையில் பாறையைப் பிளக்க வேண்டியதில்லை. ஆனால் துளைச் சுவர் வழியே வந்து சேரும் வெப்பம் மட்டுமே அதில் கிடைப்பதால், மிக நீண்ட தொலைவுக்குத் துளையிட வேண்டியிருக்கிறது.

கேள்வி: இன்னும் சூடான பாறையைத் தேடிப் போனால் அதிக ஆற்றல் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஐஸ்லாந்தின் கிராப்லாவில் 2009-இல் தோண்டிய கிணறு, சுமார் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் எதிர்பாராமல் பாறைக்குழம்பைத் தொட்டது. குழம்பு சட்டென்று உறைந்ததால் உண்டாகி, துளையிலிருந்து மேலே வந்த கண்ணாடித் துகள்கள் அதைக் காட்டிக்கொடுத்தன. பின்னர் அக்கிணறு 450 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீராவியைத் தந்தது. எனினும் 2012-இல் வால்வு பழுதாகி, கிணற்றைக் குளிர்விக்க நேர்ந்தது. மில்லிமீட்டர் அலைகள் எனப்படும் மின்காந்த அலைகளால் பாறையை உருக்கித் துளையிடும் முறையும் சோதனையில் இருக்கிறது. ஆனால் அந்த வெப்பத்தையும், நீராவியோடு வரும் அமிலத்தையும் தாங்கும் உலோகத்துக்கும் சிமெண்டுக்கும்தான் முதலில் நிதி ஒதுக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: இந்த வெப்பம் என்றாவது தீர்ந்துபோகுமா?

பதில்: பூமியின் வெப்பம் நம் காலத்தில் தீராது, ஆனால் ஒரே இடத்தில் அளவுக்கு மீறி எடுத்தால் அந்த இடம் களைத்துப்போகும். கலிஃபோர்னியாவின் கீசர்ஸ் எனும் புவிவெப்ப மின் உற்பத்திப் பகுதியில் 1980-களில் கிணறுகள் பெருகியதால் நீராவியின் அழுத்தம் சரிந்தது. 1997 முதல் லேக் கவுண்டியின் சுத்திகரித்த கழிவுநீரும், 2003 முதல் சாண்டா ரோசா நகரின் கழிவுநீரும் குழாய்வழியே அங்கே பாறைக்குள் செலுத்தப்பட்டு வருகின்றன. அதனால் அந்தச் சரிவு தணிந்திருக்கிறது.