இன்வேலிட் பென்ஷன் ஃபார்ம்ல அண்ணன் கையெழுத்து போட வேண்டாம்

டூட்டில அடிபட்டு காலை இழந்த போலீஸ்கார அண்ணன்கிட்ட இன்வேலிட் பென்ஷன் (உடம்பு தகுதி இல்லைன்னு வேலையை விட்டு அனுப்புறவங்களுக்குத் தர்ற பென்ஷன்) ஃபார்ம்ல ஆபீஸ் கையெழுத்து கேக்குது, போடலாமான்னு கேட்டிருந்தீங்க. போடவே வேண்டாம். டூட்டில அடிபட்டு கால் எடுத்த போலீஸ்காரரை "பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்துட்டு கிளம்பு"ன்னு சொல்ல ஆபீஸுக்கு உரிமை கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4) பாருங்க: சர்வீஸ்ல இருக்கும்போது ஊனம் வந்தா வேலையை விட்டு எடுக்கக்கூடாது, ரேங்க்கும் குறைக்கக்கூடாது, பழைய வேலை பாக்க முடியலன்னா அதே சம்பள விகிதத்துல வேற போஸ்டிங் கொடுக்கணும், அதுவும் காலி இல்லன்னா கூடுதலா ஒரு போஸ்ட் உருவாக்கியாவது வெச்சுக்கணும்.

பெரும்பாலும் பழைய பென்ஷன் ரூல் பழக்கம்தான் காரணமா இருக்கும். மெடிக்கல் போர்டு அன்ஃபிட்னு எழுதின உடனே கிளார்க் அந்த ஃபார்மை நீட்டிடுவாரு. ஒருவேளை ஏற்கனவே கையெழுத்து வாங்கியிருந்தாலும் மனசு விட்றாதீங்க, கால் இழந்த கான்ஸ்டபிள் குணால் சிங் வழக்குல 2003ல சுப்ரீம் கோர்ட் சொன்னதே இதான், இன்வேலிட் பென்ஷன் கிடைக்குதுங்கிறதுக்காக வேலைப் பாதுகாப்பை மறுக்க முடியாதுன்னு (அது இதுக்கு முன்னாடி இருந்த 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல வந்த தீர்ப்பு).

முதல்ல போர்டு ரிப்போர்ட் காப்பி வாங்குங்க. அதுல காவல் பணிக்கு மட்டும் தகுதியில்லைன்னு இருக்கா, எந்த வேலைக்குமே இல்லைன்னு இருக்கான்னு வரி வரியா படிங்க. அப்புறம் 20(4)ஐக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு மனு, ஒப்புகைச் சீட்டோட தபால்ல. பதில் வரலன்னா டிபார்ட்மெண்ட் குறைதீர் அதிகாரிகிட்ட புகார் பதிவு பண்ணுங்க, பிரிவு 23 படி ரெண்டு வாரத்துல அவர் விசாரிக்கணும்.

ஒண்ணு மட்டும் கவனம்: அரசு அறிவிக்கை போட்டு சில துறைகளுக்கு பிரிவு 20ல இருந்து விலக்கு கொடுக்கலாம். அண்ணன் மத்திய படையா மாநில போலீஸான்னு நீங்க எழுதல, அதைப் பாத்துட்டு வக்கீல்கிட்ட போங்க.