வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் 6 வருடம் வேலை செய்த கார்மென்ட்ஸில் ஓடர் குறைந்துவிட்டதென்று ஆட்களை நிறுத்துகிறார்கள், அதில் அவர் பெயரும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். லண்டனில் இருக்கும் உங்கள் தம்பி, வேலை போனவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும், உடனே விண்ணப்பியுங்கள் என்றாராம். எந்தக் கந்தோரில் படிவம் எடுப்பது என்று கேட்கிறீர்கள்.

அம்மா, தம்பி இருக்கும் நாட்டில் அது உண்டு. இலங்கையில் அப்படி ஒரு கொடுப்பனவு இல்லை. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டு வந்தால் கொடுத்துவிடாதீர்கள். 2023இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ என்ற அரசாங்க உதவிப்பணம் குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்துத் தருவது, வேலை போனதற்காகத் தருவதில்லை. வீடு மகனுடைய சம்பளத்தில்தான் ஓடியது என்றால் பிரதேச செயலகத்தில் அதையும் ஒருமுறை விசாரியுங்கள்.

ஆனால் எனக்குப் பயம் தந்தது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயம். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று கொம்பனியே டைப் செய்த கடிதத்தை மகனிடம் தந்து, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்களே, அதுதான். தயவுசெய்து இப்போது வைக்க வேண்டாம்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, அவர் பக்கம் ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போனால் நட்டஈடு எவ்வளவு என்ற பேச்சு வரும். மகன் தானாகவே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நிறுத்தினார்கள் என்ற பேச்சே இல்லாமல் போகும். நட்டஈடு தருகிறோம் என்று கொம்பனி சொன்னால் நல்லது, தொகையை எழுத்தில் வாங்குங்கள். அதைத் தொழில் அலுவலகத்தில் காட்டிய பிறகு பதில் சொல்லலாம்.

அப்புறம், அவர் உழைத்த காசு. 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். ஓவர்டைம் கணக்கில் வராது. கடைசிச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் 6 வருடத்துக்கு 150,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ‘நீயாகத்தானே போனாய், பணிக்கொடை இல்லை’ என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், தானாக விலகியவருக்கும் அது உரியதுதான்.

ஈ.ரி.எவ். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக் காசை வயது பாராமல் இப்போதே எடுக்கலாம். முன்பு ஒருமுறை எடுத்திருந்தால் மட்டும் 5 வருடம் கழிந்திருக்க வேண்டும். ஈ.பி.எவ். என்ற ஊழியர் சேமலாப நிதி அப்படியில்லை, ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில்தான் கைக்கு வரும். ஆனாலும் அதை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் வெட்டிய 8 வீதமும் கொம்பனி போட வேண்டிய 12 வீதமும் மாதாமாதம் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று சம்பளச் சிட்டையோடு ஒப்பிட வேண்டும். விழாமல் இருந்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

‘அவன் வீட்டை விட்டு வெளியால போறானில்ல, ஆர் கேட்டாலும் லீவு எண்டுதான் சொல்றன்’ என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தபோது மனம் கனத்தது. ஊருக்குத் தெரியக்கூடாது என்று அறைக்குள் இருந்துவிட்டு, வேலை போய் ஏழாவது மாதத்தில் என்னிடம் வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வேலை நீக்கம் பற்றி ஆணையாளரிடமோ தொழில் நியாய சபையிலோ முறையிட 6 மாதம்தான் தவணை. அது போய்விட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பலனில்லை. ஓடர் குறைந்தது அவருடைய பிழை இல்லையே அம்மா, அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்வதில் என்ன வெட்கம்?

அடுத்த வேலையைப் பற்றிப் பிறகு ஆறுதலாகப் பேசுவோம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். கோர்ஸ் எதுவும் படிக்காவிட்டாலும், 6 வருட அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க, அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் வழி இருக்கிறது. அதற்கு வேலைத்தளத்தின் சேவைச் சான்றிதழ் உதவும், வெளியேறும்போது மறக்காமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? நியமனக் கடிதம், அடையாள அட்டை, கிடைக்கிற அளவு சம்பளச் சிட்டைகள், அந்த டைப் செய்த கடிதம் எல்லாவற்றையும் போட்டோகொப்பி எடுத்து ஒரு பைலில் போடுங்கள். காலை பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள், லேபர் ஒபிஸ் என்று கேட்டால் காட்டுவார்கள். மகன் வரத் தயங்கினால் முதல் நாள் நீங்களும் கூட வாருங்கள். வெள்ளிக்கிழமை கொம்பனியில் கேட்டால், ‘தொழில் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.