பிளேடு புதிது, பாக்கெட் பழையது: ஃபின் பொருத்துவது பற்றிக் கேள்வி–பதில்

மூச்சடக்கி முங்கும் ஃப்ரீடைவிங்குக்காகக் காலில் மாட்டும் நீளத் துடுப்பான ஃபின் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: ஃபின்னின் தட்டையான கார்பன் பிளேடு, ஃபுட் பாக்கெட் எனும் கால் உறைக்குள் போய் அடங்கும் அந்த ஒரு சாண் நீளம். இம்முறை அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பிளாஸ்டிக் பிளேடைக் கழற்றிவிட்டு அதே ஃபுட் பாக்கெட்டில் கார்பன் பிளேடு போட நினைக்கிறேன். எந்த பிளேடும் எந்தப் பாக்கெட்டிலும் பொருந்திவிடுமா?

பொருந்தாது. முதலில் உங்கள் ஃபின் கழற்றி மாட்டும் வகையா என்று பாருங்கள். பாக்கெட்டும் பிளேடும் ஒரே வார்ப்பாக வந்திருந்தால் அதில் செய்ய ஒன்றுமில்லை. கழற்றும் வகை என்றால் மூன்று இடங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, பிளேடின் அடிப்பகுதி வெட்டு. உள்ளங்காலுக்கு அடியில் இருக்கும் கொக்கி அல்லது பட்டைக்குள் அது உட்கார வேண்டும். இரண்டு, ஓரத்தின் தடிமன். பாக்கெட்டின் இருபுறமும் முன்னால் நீளும் ரப்பர் விலாக்களை டெண்டன் என்கிறோம். அவற்றின் உட்புறக் காடியில் பிளேடின் ஓரம் ஆடாமல் நிற்க வேண்டும். மூன்று, ஸ்க்ரூ துளைகள். சில பாக்கெட்டுகளில் ஸ்க்ரூவே கிடையாது, சிலவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

ஆகவே பிளேடு வாங்கும்போது பாக்கெட்டின் நிறுவனம், மாடல், அளவு மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். அளவு எதற்கு என்றால், சிறிய பாக்கெட்டுக்கும் பெரிய பாக்கெட்டுக்கும் டெண்டன்களின் இடைவெளி மாறுகிற மாடல்கள் உண்டு.

பாக்கெட் உங்கள் காலுக்குச் சரியா என்பதையும் பிளேடு மாட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வழக்கமாகப் போடும் நியோப்ரீன் சாக்ஸோடு வெறும் பாக்கெட்டை அரை மணி நேரம் போட்டு உட்காருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் சிறியது. பாதத்தை ஆட்டும்போது குதிகால் வழுக்கினால் பெரியது. குதிகால் ஆடுகிற பாக்கெட்டில் எவ்வளவு நல்ல பிளேடைப் போட்டாலும் உதையின் விசை அதற்குப் போய்ச் சேராது.

கேள்வி: பிளேடும் பாக்கெட்டும் வந்துவிட்டன. வீட்டிலேயே மாட்டுவது எப்படி? பலம் போட்டுத் தள்ளியும் பாதிக்கு மேல் போகவில்லை.

பலத்தை நிறுத்துங்கள். இந்த வேலையில் உடைகிற பிளேடுகள் பெரும்பாலும் தள்ளும்போதுதான் உடைகின்றன. ரப்பரை இளக்கி, வழுக்கவிட்டு, விரல் விரலாக உட்கார வைக்க வேண்டும்.

முதலில் திசை. பிளேடின் அடியில் ஒரு வளைவு இருக்கும். பெரும்பாலும் 20 முதல் 30 பாகை வரை. அந்த வளைவு உள்ளங்கால் பக்கமாக இறங்க வேண்டும். பாதத்தை எவ்வளவு நீட்டினாலும் அது கணைக்கால் எலும்பின் நேர்கோட்டுக்கு முழுவதும் வராது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வளைவு. தலைகீழாக மாட்டினால் குறை இரட்டிப்பாகும், உதை எல்லாம் வீண். மாட்டும் முன் ‘மேல்’ என்று எழுதிய ஒரு துண்டு டேப்பை இரண்டு பிளேடுகளிலும் ஒட்டிவிடுங்கள்.

பிறகு பாக்கெட்டை மட்டும், கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிளேடை வெந்நீரில் போடாதீர்கள். கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது எபாக்ஸி பிசின். சூட்டில் அது இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஃபின்னை விட்டுவைக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

ஒரு தம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு நாலைந்து சொட்டு. இதைக் காடிகளிலும் பிளேடின் ஓரங்களிலும் தடவுங்கள். எண்ணெய், வாசலின், சிலிகான் கிரீஸ் எதுவும் வேண்டாம். எண்ணெயும் வாசலினும் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். சிலிகான் பட்ட இடத்தில் பின்னால் எந்தப் பசையும் பிடிக்காது.

மேசையில் துண்டு விரித்து, பிளேடின் அடிப்பகுதியின் நடுவை முதலில் கொக்கிக்குள் செருகுங்கள். இரண்டு டெண்டன்களும் வெளியே விலகி நிற்கட்டும். அடி போய் முட்டியதும், பாதத்தின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: கட்டைவிரலால் டெண்டனை வெளிப்புறம் இழுத்து, பிளேடின் ஓரத்தைக் காடிக்குள் விடுங்கள். இரண்டு விரல்கடை உட்கார்ந்ததும் அடுத்த பக்கம். இப்படி மாறி மாறி நுனி வரை போங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பிளேடு சாய்ந்துவிடும், கடைசி மூன்று அங்குலம் காடிக்குள் ஏறவே ஏறாது. உங்களுக்குப் பாதியில் நின்றதற்கும் இது காரணமாக இருக்கலாம். ரப்பர் மடிந்துகொண்டால் பிளாஸ்டிக் கரண்டியின் காம்பால் நெம்புங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். அது கார்பனில் போடும் ஒரு கீறலே பின்னாளில் விரிசலின் தொடக்கமாகும்.

உட்கார்ந்தபின் நேர் பார்க்க வேண்டும். நீளாத நூல் ஒன்றைக் குதிகால் விளிம்பின் நடுவில் பிடித்து, பிளேடின் இடது நுனி மூலைக்கும் வலது நுனி மூலைக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் இளக்கி மறுபடி உட்கார வையுங்கள். ஸ்க்ரூ இருந்தால் முதலில் விரலால் திருகி, வாஷர் ரப்பரைத் தொட்டபின் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் துளையைச் சுற்றி அழுத்தம் ஏறும்.

கடைசியில் நல்ல தண்ணீரில் சோப்பை முழுதாக அலசி, ஒரு நாள் நிழலில் காய விடுங்கள்.

கேள்வி: டெண்டனைப் பசை போட்டு ஒட்டித்தான் ஆக வேண்டுமா?

பாக்கெட்டைப் பொறுத்தது. உதைக்கும்போது பிளேடு வளைகிறது. டெண்டனின் ரப்பர் அதே அளவு வளையாமல் ஓரத்திலிருந்து விலகப் பார்க்கிறது. இந்த விலகல் அதிகமாக இருப்பது நுனிப் பக்கம் கடைசி 3 முதல் 5 சென்டிமீட்டரில். பிளேடைக் கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். டெண்டன் காடியிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த நுனிப் பகுதியை மட்டும் ஒட்டினால் போதும். முழு நீளமும் ஒட்டுவது தேவையற்றது. நாளைக்குப் பாக்கெட் கிழிந்து மாற்ற வேண்டியிருந்தால் அதுவே பெரிய தொல்லையாகும்.

காய்ந்தபின்னும் வளையும் பாலியூரிதேன் பசையையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். வெட்சூட் கிழிசல் ஒட்டுவதற்கு விற்கும் வகை. சூப்பர் குளூ உடனே பிடிக்கும், ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகி, வளைய வளைய நொறுங்கும். அவசரத்துக்கு இரண்டு சொட்டு, அவ்வளவுதான். எபாக்ஸி இந்த இடத்துக்கு ஆகாது: வளையாது, பிரிக்கவும் முடியாது.

ஒட்டும் பகுதியில் மட்டும் ரப்பரை 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, இரு பக்கத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் பசை தோலாக உரிந்து வரும். மெல்லிய பூச்சு, பிறகு சைக்கிள் டியூப் கீற்றால் சுற்றிக் கட்டு. 24 மணி நேரத்துக்கு முன் அவிழ்க்காதீர்கள். பசை ட்யூபில் அதைவிட அதிக நேரம் போட்டிருந்தால் அதையே கேளுங்கள்.

கேள்வி: என் பிளேடின் ஓரம் முழுக்க ரப்பர் ரெயில் ஒட்டி வந்திருக்கிறது. டெண்டன் காடிக்குள் அது போகவில்லை.

தண்ணீர் பக்கவாட்டில் சிதறாமல் பிளேடின் மேலேயே ஓடவைப்பது ரெயிலின் வேலை. டெண்டன் இருக்கும் இடத்தில் அந்த வேலையை டெண்டனே செய்துவிடும், அங்கே ரெயில் தேவையில்லை. பிளேடைப் பாக்கெட்டின் மேல் வைத்து, டெண்டன் எங்கே முடிகிறதென்று பிளேடில் பென்சிலால் குறியுங்கள். குறியிலிருந்து அடிப்பக்கம் உள்ள ரெயிலை மட்டும் புதுக் கத்தியால் வெட்டி, கையால் உரித்தெடுங்கள். வெட்டும்போது கத்தி நுனி கார்பன் வரை இறங்கக் கூடாது. ரப்பரில் முக்கால் ஆழம் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பிய்த்தெடுப்பது பாதுகாப்பு. டெண்டன் முடியும் இடமும் ரெயில் தொடங்கும் இடமும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவே வெற்று ஓரம் தெரிந்தால் வளைவின் அழுத்தமும் இடிபாடும் அந்த இடத்திலேயே வந்து விழும்.

கேள்வி: ஸ்க்ரூ துளை 4 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. புதிதாகத் துளை போடலாமா?

போடலாம், ஆனால் முதலில் விற்றவரிடம் மாற்றிக் கேளுங்கள். துளை போட்டபின் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும்.

போடுவதென்றால், இருபுறமும் டேப் ஒட்டி, அடியில் பிளைவுட் துண்டு வைத்துக் கிளாம்ப்பால் இறுக்குங்கள். அடியில் தாங்கல் இல்லாவிட்டால் டிரில் வெளியேறும் பக்கம் இழைகள் பிசிறு பிசிறாகக் கிளம்பும். புது டிரில் பிட், குறைந்த அழுத்தம். 2 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்குங்கள். இறுதித் துளை ஸ்க்ரூவை விட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும்; துளையின் நடுவிலிருந்து பிளேடின் ஓரம் துளை விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி இருக்கட்டும். பழைய துளையும் புதியதும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி அமைந்தால் வேண்டாம், விட்டுவிடுங்கள். அறுத்த, துளைத்த விளிம்புகளை 400 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெல்லிய எபாக்ஸி பூசி மூடுங்கள்.

கார்பன் தூளை லேசாக எண்ணாதீர்கள். நுரையீரலுக்குக் கேடு, தோலில் பட்டால் அரிப்பு. மின்சாரம் கடத்தும் தூள் என்பதால் கம்ப்யூட்டர் பக்கத்தில் இந்த வேலை கூடாது. நுண்துகள் தடுக்கும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். வெளியே, ஈரம் வைத்தே தேயுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு உதைக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பிளேடின் அடி, பாக்கெட்டில் அது உட்காரும் பள்ளத்துக்குள் ஆடுகிறது. பிளாஸ்டிக் பிளேடின் தடிமனுக்காக வார்த்த பள்ளத்தில் அதைவிட மெல்லிய கார்பன் வந்தால் இப்படி ஆகும். அடிப்பகுதியின் கீழ்ப்பக்கம் 1 மில்லிமீட்டர் ரப்பர்த் துண்டு ஒட்டினால் அடங்கும். சத்தம் அங்கிருந்து வராமல் டெண்டன் நுனியிலிருந்து வந்தால், நுனி காடியை விட்டு வெளியே போய் உள்ளே வருகிறது என்று பொருள், ஒட்ட வேண்டியதுதான்.

கேள்வி: வலது ஃபின் மட்டும் உதைக்கும்போது பக்கவாட்டில் திரும்புகிறது.

முதலில் நூல் அளவு பாருங்கள். அது சரியாக இருந்தால் இரண்டு பிளேடுகளை மட்டும் பாக்கெட் மாற்றிப் போட்டு நீந்துங்கள். கோளாறு பிளேடோடு இடது காலுக்குப் போனால் பிளேடில் பிழை. வலதிலேயே நின்றால் அந்தப் பாக்கெட்டிலோ உங்கள் கணுக்காலிலோ இருக்கிறது. பாக்கெட் இடது வலது பேதமில்லாத வகையானால் அவற்றையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வலதிலேயே நின்றால் ஃபின்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாதம் உள்நோக்கித் திரும்புகிறது.

கேள்வி: டெண்டன் முடியும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. பழுது பார்க்கலாமா?

கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்காமல், வெளிச்சத்தில் மட்டும் தெரிந்தால் அது மேல்பூச்சின் கீறலாக இருக்கலாம். ஒரு நாணயத்தால் அந்த இடத்தையும் நல்ல இடத்தையும் மாறி மாறித் தட்டுங்கள். நல்ல கார்பன் ‘டிக்’ என்று தெளிவாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். நகமும் தடுத்து, ஒலியும் மந்தமாகி, கோடு பிளேடின் குறுக்கே ஓடினால் அந்த பிளேடோடு ஆழம் போகாதீர்கள். வளைவு முழுவதும் வந்து குவிவது டெண்டன் முடியும் இடத்தில்தான். அங்கே எபாக்ஸி பூசினால் கோடு மறையும், அறுந்த இழை ஒன்றுசேராது. கார்பன் பிளாஸ்டிக்கைப் போல மெல்ல மெல்லத் தளராமல் ஒரேயடியாக உடையும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றை ஃபின்னோடு மேலே வருகிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம். நுனி மூலையில் பாறை பட்டுச் சிதைந்த சிறு பிசிறு வேறு விஷயம். தேய்த்து எபாக்ஸி பூசிப் பயன்படுத்தலாம்.

கேள்வி: எவர்சில்வர் ஸ்க்ரூதான் போட்டேன், அதுவும் துருப்பிடிக்கிறது.

கார்பன் மின்சாரம் கடத்தும். உப்புத் தண்ணீரில் அதோடு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும், அரிக்கப்படுவது உலோகம். 316 வகை, அதாவது ஏ4 என்று முத்திரை உள்ள ஸ்க்ரூவோ டைட்டானியமோ போடுங்கள். அலுமினியம் கூடவே கூடாது. உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே நைலான் வாஷர் வையுங்கள். கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவது எல்லாவற்றையும் விட முக்கியம்.

கேள்வி: கார்பன் மாற்றியதிலிருந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

பிளேடு உங்கள் காலுக்குக் கடினம். மென்மையான வகை வாங்கியும் பிடித்தால் பாக்கெட்டைப் பாருங்கள்: நீளமான, கனத்த டெண்டன் மென்மையான பிளேடையும் அடிப்பக்கம் விறைப்பாக்கிவிடும். பிளேடைத் தேய்த்து மெலிதாக்குகிற யோசனை வேண்டாம், தேய்வது இழைகள்தான். ஒரு படி மென்மையான பிளேடுக்கு மாறுங்கள்.

கேள்வி: பொருத்தி முடித்ததும் நேரே கடலுக்குப் போகலாமா?

நீச்சல் குளத்தில் தொடங்குங்கள். நீர்மட்டத்திலேயே 25 மீட்டர் நாலு முறை போய், கரையேறி ஸ்க்ரூ, டெண்டன் நுனி, நூல் அளவு மூன்றையும் பாருங்கள். ரப்பர் தன் இடத்தில் படிந்தபின் ஸ்க்ரூ சற்றுத் தளர்ந்திருக்கும். மறுபடி கால் சுற்று இறுக்குங்கள். அடுத்து, பாதுகாப்புக்கு ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஆழம் குறைந்த இடத்தில் சில முங்கல்கள். குளத்தின் சுவரைக் காலால் உந்தித் தள்ளும்போது பிளேடின் நுனி சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் திரும்பி, பிளேடைச் சுவருக்கு இணையாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.