ஊர் மாறி வளர்ந்தவர்களின் படிப்பு

அன்புள்ள ஐயா,

என் அப்பா மின்வாரிய ஊழியர். அவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் எனக்குப் பள்ளி மாறியது. குலசேகரம், தக்கலை, நாகர்கோவில் என எங்கும் சில ஆண்டுகள்தான். இப்போது வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். எந்தத் தலைப்பிலும் மனம் நிலைக்கவில்லை. விடுமுறை கிடைத்தால் புது ஊர் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன். சிறுவயதில் ஓரிடத்தில் வேர்பிடிக்காததுதான் காரணமா?

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள வாசகிக்கு,

காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் அதைக் குறையாக மட்டுமே நீங்கள் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தை பொதுப்பணித் துறையில் இருந்ததால், பேச்சிப்பாறையிலும் பின்னர் தோவாளைப் பக்கத்திலும் வளர்ந்தேன். ரப்பர் தோட்டமும் ஓயாத மழையுமான முதல் ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றடிக்கும் அடுத்த ஊரிலோ, ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறந்தால், கன்னிப்பூ எனும் முதல்போக நெல் நடவுக்குத் தண்ணீர் கடைவரம்புக்கு வந்துசேருமா என்பதே டீக்கடைப் பேச்சு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர் கால்வாய் வழியே தோவாளை வரை வருகிறது என்று பாடத்தில் படிப்பது வேறு. அந்த அணையருகே விளையாடிய பையன், அதே நீருக்காக இரவில் மண்வெட்டியும் டார்ச்சுமாக வரப்பில் காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது வேறு. பாசன வரலாற்றின் பக்கம் என்னைத் திருப்பியது அந்த வரப்புதான். இன்றும் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் குளத்தையும் அதற்கு நீர் வரும் வழியையுமே தேடுகிறேன்.

ஒப்பிடும் கண் நமக்கு இப்படித்தான் வாய்க்கிறது. வாய்க்காதது, இருந்து பார்க்கும் பொறுமை. புது வகுப்பில் யார் எப்படி என்று சில நாட்களிலேயே கணித்துவிடுவோம்; ஒரு நட்பு கசந்து மீண்டும் துளிர்ப்பதைக் காணுமுன் வீட்டைக் காலிசெய்திருப்போம். ஆய்விலும், தொடக்க ஆர்வம் வடிந்து ஆவணங்கள் சலிப்பூட்டும் கட்டம், நமக்கு மாற்றல் உத்தரவு போலத் தோன்றிவிடுகிறது.

எனவே நீங்கள் வாழ்ந்த ஊர்களை எல்லாம் இணைக்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1956 நவம்பர் 1 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, வீட்டை விட்டு நகராமலேயே மக்கள் வேறொரு மாநிலத்தவர் ஆனார்கள். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. மேற்குப் பகுதிகளில் பழைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. அந்த மாற்றம் குலசேகரத்து விவசாயிக்கும் நாகர்கோவில் அரசு ஊழியருக்கும் ஒன்றுபோல இருந்திருக்காது. இரண்டு ஊர்ப் பேச்சும் அறிந்த உங்களால் அதை விசாரிக்க முடியும்.

அடுத்த விடுமுறைக்குப் புது ஊர் வேண்டாம். குலசேகரத்துக்கே போய், உடன் படித்தவர்களின் வீடுகளில் அத்தகைய பத்திரங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்; கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.